காலைக்கு ‘இன்’, இரவுக்கு ‘அட்’: ஆங்கிலத்தில் பொழுது சொல்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: காலை, பிற்பகல், மாலை மூன்றுக்கும் ‘இன்’ போடும் ஆங்கிலம், இரவு வந்ததும் ‘அட் நைட்’ என்று மாறிவிடுகிறது. திங்கட்கிழமை காலை என்றால் ‘ஆன்’ வருகிறது. ‘திஸ் மார்னிங்’ என்றால் எதுவுமே வருவதில்லை. இதில் ஒழுங்கு ஏதாவது உண்டா, இல்லை எல்லாவற்றையும் உருப்போட வேண்டியதுதானா?

ஒழுங்கு உண்டு. முக்கால்வாசியை அது பார்த்துக்கொள்ளும். மிச்சத்தை உருப்போடத்தான் வேண்டும், ஆனால் அது விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவுதான். பார்க்கப்போனால், தமிழ் பேசுகிறவர்கள் சறுக்குவது பள்ளியில் சொல்லித்தரும் அட், இன், ஆன் விதிகளில் அதிகம் இல்லை. நம் வேற்றுமை உருபுகளையும் நம் பொழுதுக் கணக்கையும் நம்மை அறியாமலே ஆங்கிலத்துக்குள் எடுத்துப்போகும் இடங்களில்தான் சறுக்குகிறோம். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உருபு. ‘ஆறு மணிக்கு’ என்கிறோம், ‘காலையில்’ என்கிறோம். மணிக்குக் ‘கு’, பொழுதுக்கு ‘இல்’. ஆங்கிலத்தில் ‘அட் சிக்ஸ்’, ‘இன் த மார்னிங்’. கு என்றால் அட், இல் என்றால் இன் என்று மனம் தானாகவே ஒரு சூத்திரம் போட்டுவிடும். ‘இன் தி ஆஃப்டர்நூன்’, ‘இன் தி ஈவ்னிங்’ வரை அந்தச் சூத்திரம் பிசகாமல் ஓடும். அதற்குமேல் ஓடாது. இரவில், நண்பகலில், நள்ளிரவில், விடியலில், அந்தியில் என்று நாம் எல்லாவற்றுக்கும் ‘இல்’ போடுகிறோம். ஆங்கிலமோ அட் நைட், அட் நூன், அட் மிட்நைட், அட் டான், அட் டஸ்க் என்று அத்தனைக்கும் ‘அட்’ போடுகிறது. கிழமைக்கு நாம் உருபே போடுவதில்லை, ‘திங்கட்கிழமை வா’ என்றால் போதும். ஆங்கிலம் அங்கே ‘ஆன்’ கேட்கிறது. ஆக, உருபை வைத்து ப்ரெபோசிஷனை, அதாவது அட், இன், ஆன் போல முன்னால் வரும் சொல்லை, கணிக்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது, பேசுகிறவர் அந்த நேரத்தை என்னவாக எடுத்துக்கொள்கிறார் என்பதை. கடிகாரத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு கணம் என்றால் அட். உள்ளே பல காரியங்கள் நடக்க இடமிருக்கும் நீண்ட பொழுது என்றால் இன். நாள்காட்டியில் ஒரு கட்டம் என்றால் ஆன். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். குழப்பம் வருவது இவை ஒன்றோடொன்று சேரும்போது. திங்கட்கிழமை ஒரு கட்டம், காலை ஒரு நீண்ட பொழுது. இரண்டும் சேர்ந்து வந்தால் யார் பேச்சு எடுபடும்?

‘மார்னிங்’ என்ற ஒரே சொல்லை எடுத்து அதோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். தனியாக நின்றால் ‘இன் த மார்னிங்’. ‘ஏர்லி’ சேர்த்தாலும் ‘இன் தி ஏர்லி மார்னிங்’தான், காலையின் முன்பகுதி என்று குறுக்கியிருக்கிறோமே தவிர எந்த நாள் என்று சொல்லவில்லை. கிழமையைச் சேர்த்தால் ‘ஆன் மண்டே மார்னிங்’. நாள் வந்ததும் பொழுது ஒதுங்கிவிடுகிறது. தேதி சேர்த்தால் ‘ஆன் த மார்னிங் ஆஃப் த ஃபிஃப்த்’. சரி, ‘கோல்டு’ என்று ஒரு அடைமொழி சேர்த்தால்? ‘ஆன் எ கோல்டு மார்னிங்’. கிழமையும் இல்லை, தேதியும் இல்லை, இருந்தும் ஆன். குளிரான ஒரு காலை என்று சொன்ன உடனேயே அது ஏதோ ஒரு நாளின் காலை ஆகிவிட்டது. அன்றாடம் வந்துபோகும் காலைப் பொழுது என்ற பொதுப்பெயராக இல்லை. ஏர்லி, லேட் இரண்டும் காலைக்குள்ளே எந்த இடம் என்று காட்டும். கோல்டு, ரெய்னி, சம்மர் போன்றவை எந்த மாதிரி நாள் என்று காட்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ‘இன் த லேட் ஆஃப்டர்நூன்’, ‘ஆன் எ ரெய்னி ஆஃப்டர்நூன்’ இரண்டையும் யோசிக்காமல் சொல்லிவிடலாம்.

அப்புறம் திஸ், லாஸ்ட், எவ்ரி, ஒன், ஆல், டுமாரோ, யெஸ்டர்டே. இவற்றில் ஏதாவது ஒன்று முன்னால் வந்து ஒட்டினால் ப்ரெபோசிஷன் உதிர்ந்துவிடும். ‘டுமாரோ மார்னிங்’, ‘எவ்ரி ஈவ்னிங்’, ‘ஒன் நைட்’, ‘ஆல் ஆஃப்டர்நூன்’ என்று மொட்டையாகத்தான் வரும். ‘ஆன் டுமாரோ மார்னிங்’ என்றோ ‘இன் திஸ் ஈவ்னிங்’ என்றோ சொன்னால் காதில் உறுத்தும். நமக்கு இது சிரமமே இல்லை. ‘நாளைக் காலை பார்ப்போம்’ என்று நாமும் உருபில்லாமல் சொல்கிறவர்கள்தானே.

கடிகார மணி மட்டும் யாருக்கும் வழிவிடாது. என்ன சேர்ந்தாலும் அதன் ‘அட்’ அதோடு இருக்கும்: ‘அட் சிக்ஸ் டுமாரோ மார்னிங்’, ‘அட் சிக்ஸ் ஆன் மண்டே மார்னிங்’. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் ‘திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு’ என்று பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிக்கிறோம். கடைசியில் ஒரே ஒரு ‘கு’ வந்து மொத்தத்துக்கும் பொறுப்பேற்கிறது. ஆங்கிலம் சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போகிறது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ப்ரெபோசிஷன் கேட்கிறது. தமிழ் வரிசையிலேயே யோசித்துப் பேசுகிறவர்கள் ‘மண்டே மார்னிங் சிக்ஸ் ஓ கிளாக் ஐ வில் கம்’ என்று எல்லாவற்றையும் உதிர்த்துவிடுவது இதனால்தான். விஷயம் புரியும், ஆனால் வாக்கியம் நிற்காது. அமெரிக்கர்கள் பேச்சில் கிழமைக்கு முன் ‘ஆன்’ஐ விட்டுவிடுவது சகஜம், ‘ஐ வில் சீ யூ மண்டே மார்னிங்’ என்பார்கள். ஆனால் அவர்களும் மணிக்கு முன்னால் வரும் ‘அட்’டை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள்.

‘த’ பற்றி ஒரு வரி. இன் வந்தால் கூடவே ‘த’ வரும், அட் வந்தால் வராது. இன் த மார்னிங், இன் தி ஈவ்னிங். ஆனால் அட் நைட், அட் நூன், அட் டான். ‘அட் த நைட்’ என்பதும் ‘இன் மார்னிங்’ என்பதும் இந்த ஒரே வரியில் அடிபட்டுப்போகும்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம், இரவு. பகல் முழுக்கச் சுறுசுறுப்பாக இருப்பதால் அதை நீண்ட பொழுதாகவும், இரவு தூக்கத்தில் கழிவதால் அதை ஒரு புள்ளியாகவும் பார்த்தார்கள், அதனால் ‘அட்’ என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கென்னவோ அது பிறகு யோசித்து ஒட்டவைத்த காரணமாகத்தான் படுகிறது. உருப்போட வேண்டியவற்றில் முதலாவது இது, அவ்வளவுதான். ஆனால் ‘இன் த நைட்’ தவறு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது.

‘ஆந்தை இரவில் வேட்டையாடும்’ என்பது எந்த இரவுக்கும் பொருந்தும் பொதுச்செய்தி. அங்கே ‘அட் நைட்’. ‘இரவில் ஏதோ சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன்’ என்பது ஒரு குறிப்பிட்ட இரவின் நடுவே, ஏதோ ஒரு நேரத்தில் நடந்தது. அங்கே ‘இன் த நைட்’ அல்லது ‘ட்யூரிங் த நைட்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘இரவில்’தான், அதனால் நாம் அந்தப் பிரிவை யோசித்துப் போட வேண்டியிருக்கிறது. ‘இன் த மிடில் ஆஃப் த நைட்’ எப்போதும் இன். தேதி சேர்ந்தால் இரவும் மற்ற பொழுதுகளைப் போலவே அடங்கிவிடும்: ‘ஆன் த நைட் ஆஃப் த ஃபிஃப்த்’, ‘ஆன் சாட்டர்டே நைட்’. பகலையும் இரவையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும்போது மட்டும் ‘பை டே’, ‘பை நைட்’ என்று ஒரு ஜோடி வரும். பகலில் ஓட்டுநர், இரவில் பாடகர் என்பது போன்ற வாக்கியங்களுக்கு அது.

இரவோடு ஒட்டிய இரண்டு பிழைகள் நம்மிடம் ரொம்பப் பரவலாக இருக்கின்றன. ‘ராத்திரி லேட்டாக வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் லேட் நைட்’ என்று சொல்வது ஒன்று. ‘லேட் நைட்’ என்பது இன்னொரு சொல்லுக்கு அடைமொழியாக வரலாம், லேட் நைட் ஷோ மாதிரி. எப்போது வந்தேன் என்று சொல்ல ‘லேட் அட் நைட்’ வேண்டும். அதே போல ‘ஐ கெட் அப் ஏர்லி மார்னிங்’ என்பதை ‘ஏர்லி இன் த மார்னிங்’ என்று ஆக்க வேண்டும். இரண்டாவது, ‘ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை’ என்பதை ‘ஃபுல் நைட்’ என்று சொல்வது. முழுக்க என்றதும் ‘ஃபுல்’ நாக்கில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஆல் நைட்’ அல்லது ‘த ஹோல் நைட்’. ‘ஃபுல் டே’வும் அப்படியே ‘ஆல் டே’ ஆக வேண்டும். ‘ஹாஃப் டே லீவ், ஃபுல் டே லீவ்’ என்று அளவைச் சொல்லும்போது ஃபுல் சரியான சொல்தான். அங்கிருந்துதான் இது எல்லா இடத்துக்கும் பரவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேற்று, இன்று விஷயத்துக்கு வருவோம். தமிழில் இன்று காலை, இன்று மாலை, இன்று இரவு, நேற்று காலை, நேற்று இரவு, நாளை இரவு என்று எந்த நாளையும் எந்தப் பொழுதோடும் சேர்க்கலாம், ஓட்டையே கிடையாது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டத்தில் சில இடங்களில் வேறு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. ‘டுடே மார்னிங்’ கிடையாது, ‘திஸ் மார்னிங்’. ‘டுடே ஈவ்னிங்’ கிடையாது, ‘திஸ் ஈவ்னிங்’. ‘டுடே நைட்’ கிடையாது, ‘டுநைட்’. ‘யெஸ்டர்டே மார்னிங்’, ‘யெஸ்டர்டே ஈவ்னிங்’ எல்லாம் சரி, ஆனால் ‘யெஸ்டர்டே நைட்’ என்று பெரும்பாலும் சொல்வதில்லை, ‘லாஸ்ட் நைட்’. நாளைக்கு மட்டும் நம்மைப் போலவே டுமாரோ மார்னிங், டுமாரோ ஈவ்னிங், டுமாரோ நைட் மூன்றும் உண்டு. முந்தாநாள் இரவுக்கு ‘த நைட் பிஃபோர் லாஸ்ட்’.

இதில் லாஸ்ட் நைட், டுநைட் இரண்டின் எல்லையும் நம் இரவைவிடப் பெரியது. நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு நண்பர் வீட்டுக்குப் போனதையும் ‘லாஸ்ட் நைட்’ என்று சொல்லலாம். ‘ஆர் யூ ஃப்ரீ டுநைட்’ என்று யாராவது கேட்டால் பத்து மணிக்குமேல் கூப்பிடுகிறார் என்று பதறத் தேவையில்லை. பெரும்பாலும் வேலை முடிந்த பிறகான மாலை நேரத்தைத்தான் கேட்கிறார்.

‘திஸ் மார்னிங்’ என்பதை எந்த நேரத்தில் நின்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வினை மாறும், குறிப்பாக பிரிட்டிஷ் ஆங்கிலத்தில். இன்னும் காலையாகவே இருந்தால் ‘ஹேவ் யூ சீன் ஹர் திஸ் மார்னிங்’. மதியம் தாண்டிவிட்டால் அந்தக் காலை முடிந்துபோன காலை, ‘டிட் யூ சீ ஹர் திஸ் மார்னிங்’. அதே மாதிரி, இரவு போனை வைக்கும் முன் ஒருவர் ‘ஐ வில் கால் யூ இன் த மார்னிங்’ என்றால், வழக்கமாகக் காலையில் கூப்பிடுவேன் என்ற பொருள் இல்லை. நாளைக் காலை என்று பொருள். டுமாரோ என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. வழக்கமாக என்று சொல்ல ‘இன் த மார்னிங்ஸ்’ என்று பன்மையில் போடும் ஒரு வழி இருக்கிறது.

அடுத்து, எது வரை காலை, எதற்குப் பிறகு இரவு? இங்கேதான் நம் பொழுதுக் கணக்கு குறுக்கே வருகிறது. அகத்திணை இலக்கணம் ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். அன்றாடப் பேச்சில் நாம் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. இருட்டினால் ராத்திரி, வெளுத்தால் காலை. அதனால் ‘ராத்திரி ரெண்டு மணி’ என்பது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் அது ‘டூ இன் த மார்னிங்’. பன்னிரண்டு தாண்டிய நொடியே மணியோடு சேர்த்துச் சொல்லும்போது அது மார்னிங் ஆகிவிடும், வெளியே கும்மிருட்டாக இருந்தாலும். ‘டூ அட் நைட்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் பழைய கணக்கிலும் யாமம் இரவு இரண்டு மணிக்கு முடிந்து வைகறை தொடங்கிவிடுகிறது. ஆக இரண்டு மணியை விடியலின் பக்கம் தள்ளுவது நமக்கும் முற்றிலும் புதிது இல்லை.

மணியோடு சேர்த்தால் மற்றவை இப்படி விழும்: பன்னிரண்டு முதல் ஐந்து வரை ‘இன் தி ஆஃப்டர்நூன்’, ஆறு முதல் எட்டு வரை ‘இன் தி ஈவ்னிங்’, பத்து, பதினொன்று ‘அட் நைட்’. ஐந்தும் ஒன்பதும் எல்லையில் இருக்கின்றன, இரண்டு பக்கமும் கேட்கலாம். மணியில்லாமல் பொதுவாகப் பேசும்போது ‘மிட்மார்னிங்’ என்றால் பத்து மணி வாக்கு, ‘மிட்ஆஃப்டர்நூன்’ என்றால் மூன்று மணி வாக்கு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே உள்ள ஆளரவமற்ற நேரத்துக்கு ‘த ஸ்மால் ஹவர்ஸ்’ என்று அழகான பெயர் உண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் சிறியதாக இருப்பதால். அதற்கு ‘இன்’: ‘இன் த ஸ்மால் ஹவர்ஸ்’. செய்தி அறிக்கைகளில் அதையே ‘இன் தி ஏர்லி ஹவர்ஸ்’ என்பார்கள். ‘ஃபோர்நூன்’ என்று ஒரு சொல்லை நம் அலுவலகக் கடிதங்களில் இன்னமும் பார்க்கலாம். பொது ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்த மாதிரிதான், பேச்சில் எடுத்தாள வேண்டாம்.

வணக்கத்துக்கும் இந்த எல்லைகளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு. ‘குட் மார்னிங்’, ‘குட் ஆஃப்டர்நூன்’, ‘குட் ஈவ்னிங்’ மூன்றும் சந்திக்கும்போது சொல்பவை. ‘குட் நைட்’ பிரியும்போது மட்டும். இரவு பத்து மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் ‘குட் ஈவ்னிங்’தான். உள்ளே நுழைந்ததும் ‘குட் நைட்’ என்றால், வந்தவுடனேயே கிளம்புகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

விடியலையும் அந்தியையும் சுற்றி ஆங்கிலத்தில் சொற்கள் நிறைய. டான், டேபிரேக் இரண்டும் வெளிச்சம் எட்டிப்பார்க்கும் நேரம். சன்ரைஸ் என்பது சூரியன் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டும் கணம். ஆகவே டான் முன்னால், சன்ரைஸ் பின்னால். மாலையில் இதே வரிசை தலைகீழ்: முதலில் சன்செட், பிறகு டஸ்க், பிறகு நைட்ஃபால். எல்லாவற்றுக்கும் அட். ‘ட்வைலைட்’ என்றால் நாம் அந்திமாலை என்றே நினைக்கிறோம். பேச்சில் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் வானியலில் அது சூரியன் உதிப்பதற்கு முன்னும் உண்டு, மறைந்த பின்னும் உண்டு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை வரை இருந்தால் சிவில் ட்வைலைட், 12 பாகை வரை நாட்டிக்கல், 18 பாகை வரை அஸ்ட்ரனாமிக்கல் என்று மூன்று அடுக்கு. அதற்கும் கீழே போனால்தான் முழு இருட்டு. ‘அட் ட்வைலைட்’ என்றால் அந்த நேரத்தில். ‘இன் த ட்வைலைட்’ என்றால் அந்த மங்கல் வெளிச்சத்துக்குள். இருட்டியபின் என்று சொல்ல ‘ஆஃப்டர் டார்க்’, இருட்டுவதற்குள் என்று சொல்ல ‘பிஃபோர் டார்க்’. இவற்றில் ‘த’ கிடையாது. சேர்த்தால் வாக்கியம் தடுக்கும்.

‘இருட்டுவதற்குள்’ என்றதும் இன்னொரு பெரிய குழி நினைவுக்கு வருகிறது. நம் ‘க்குள்’. ‘ஆறு மணிக்குள் வா’, ‘ஒரு மணி நேரத்துக்குள் வா’ இரண்டிலும் ஒரே ‘க்குள்’தான். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு ஜாதி. ஆறு மணி என்பது ஒரு கெடு, அதற்கு ‘பை’: ‘கம் பை சிக்ஸ்’. ஒரு மணி நேரம் என்பது ஒரு கால அளவு, அதற்கு ‘விதின்’: ‘விதின் அன் அவர்’. ‘விதின் சிக்ஸ் ஓ கிளாக்’ என்று மின்னஞ்சலில் எழுதினால், படிப்பவர் ஆறு மணி நேரத்துக்குள் என்கிறாரா, ஆறு மணிக்குள் என்கிறாரா என்று ஒரு நொடி தயங்குவார். ப்ரெபோசிஷன் பிழைகளில் பெரும்பாலானவை காதை மட்டும் உறுத்தும். இது பொருளையே குழப்பும். அதனால் வேறு எதைத் திருத்தாவிட்டாலும் இதை முதலில் திருத்துங்கள் என்பேன்.

‘வரை’க்கு ‘டில்’ அல்லது ‘அன்டில்’. ஆறு மணி வரை காத்திருந்தேன் என்றால் ‘ஐ வெயிட்டட் அன்டில் சிக்ஸ்’. ‘அப் டு சிக்ஸ்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அன்டில்தான் இயல்பு. பைக்கும் அன்டிலுக்கும் வித்தியாசம், காரியம் அந்த மணிக்கு முன் எப்போதோ முடிந்துவிடுகிறதா, அந்த மணி வரை நீடிக்கிறதா என்பது. ‘ஐ வில் ஃபினிஷ் பை சிக்ஸ்’. ‘ஐ வில் வொர்க் அன்டில் சிக்ஸ்’.

‘இருந்து’ இன்னொன்று. ‘காலையிலிருந்து காத்திருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃப்ரம் மார்னிங்’ என்று சொல்வது அப்படியே தமிழ். தொடங்கிய காரியம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் ‘சின்ஸ்’ வேண்டும், வினையும் மாற வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் திஸ் மார்னிங்’. அந்தத் ‘திஸ்’ஸை விடாதீர்கள். தொடக்கமும் முடிவும் இரண்டுமே தெரிந்தால் ‘ஃப்ரம்’ சரி, ‘ஃப்ரம் நைன் டு ஃபைவ்’.

‘கழித்து’வும் ஏமாற்றும். ‘ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன்’ என்றால் கை தானாக ‘ஆஃப்டர் ஒன் அவர்’ என்று எழுதும். இப்போதிலிருந்து எண்ணும்போது ஆங்கிலம் ‘இன்’ போடும்: ‘ஐ வில் பி பேக் இன் அன் அவர்’. இந்த ‘இன்’ உள்ளே என்ற பொருளில் இல்லை, ஒரு மணி நேரம் முடியும் இடத்தில். கதை சொல்லும்போது, நடந்து முடிந்ததைப் பேசும்போது ‘ஆஃப்டர் அன் அவர், ஹி லெஃப்ட்’ என்பது சரி.

மணி படிப்பதில் நமக்கும் அவர்களுக்கும் கணக்கு ஓரிடத்தில் பிரிகிறது. ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று நாம் ஐந்தைப் பிடித்துக்கொண்டு முன்னே போகிறோம். ஆங்கிலம் பாதி வரை அப்படியே வரும், ‘குவார்ட்டர் பாஸ்ட் ஃபைவ்’, ‘ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்’. பாதி தாண்டியதும் அடுத்த மணிக்குத் தாவி, அதற்கு எவ்வளவு பாக்கி என்று எண்ணும். ஐந்தே முக்கால் ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ ஆகிவிடும். காதில் ‘சிக்ஸ்’ விழுந்ததை வைத்து ஆறே கால் என்று குறித்துக்கொண்டால் அரை மணி நேரம் தவறிவிடும். அமெரிக்காவில் பாஸ்டுக்கு ‘ஆஃப்டர்’, டுவுக்கு ‘ஆஃப்’ அல்லது ‘டில்’ என்றும் கேட்கலாம். ‘டென் ஆஃப் சிக்ஸ்’ என்றால் 5:50. பிரிட்டிஷ் பேச்சில் ‘ஹாஃப் செவன்’ என்றால் 7:30. ஜெர்மன் மொழியில் சொல்லுக்குச் சொல் அதற்கு இணையான ‘ஹல்ப் ஸீபன்’ என்றால் 6:30! இரண்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டத்துக்கு நேரம் குறித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் ‘ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எண்ணாகவே சொல்லிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். 6:05 மட்டும் ‘சிக்ஸ் ஃபைவ்’ இல்லை, ‘சிக்ஸ் ஓ ஃபைவ்’. ஐந்தின் மடங்காக இல்லாத நிமிடங்களுக்கு ‘மினிட்ஸ்’ சேர்ப்பது வழக்கம்: ‘செவன்டீன் மினிட்ஸ் பாஸ்ட் ஃபைவ்’. ‘ஓ கிளாக்’ முழு மணிக்கு மட்டும். ‘ஃபைவ் தர்ட்டி ஓ கிளாக்’ கிடையாது, ‘ஃபைவ் ஓ கிளாக் பி.எம்.’ என்பதும் வேண்டாம். ‘சிக்ஸ் ஏ.எம். இன் த மார்னிங்’ என்பது ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது. உத்தேசமாகச் சொல்ல ‘அரவுண்ட் சிக்ஸ்’, நண்பர்களிடம் ‘சிக்ஸிஷ்’. டாண் என்று ஆறு மணிக்கு என்றால் ‘அட் சிக்ஸ் ஷார்ப்’ அல்லது ‘அட் சிக்ஸ் ஆன் த டாட்’.

கடைசியாகப் பன்னிரண்டு மணி. ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் சுருக்கங்கள், உச்சிக்கு முன், உச்சிக்குப் பின் என்று பொருள். பகல் பன்னிரண்டு என்பதே உச்சி. அது முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டிஜிட்டல் கடிகாரங்கள் பகலை 12 பி.எம். என்றும் நள்ளிரவை 12 ஏ.எம். என்றும் காட்டுகின்றன, அதுவே வழக்கமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் படிப்பவர்கள் மாற்றிப் புரிந்துகொள்வது நின்றபாடில்லை. அதனால்தான் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யும் அந்த இரண்டையும் தவிர்த்து நூன், மிட்நைட் என்றே எழுதச் சொல்கிறது.

நூன் என்றால் சிக்கல் தீர்ந்தது. மிட்நைட் என்றால் பாதிதான் தீர்ந்தது. ‘மிட்நைட் ஆன் ஃப்ரைடே’ என்று ஒரு கெடு வந்தால், அது வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவா, வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நள்ளிரவா? ஆங்கிலேயர்களுக்கே இதில் ஒருமித்த பதில் கிடையாது. ஒப்பந்தங்களில் 11:59 பி.எம்., 12:01 ஏ.எம். என்று ஒரு நிமிடம் தள்ளி எழுதுவது இதற்காகத்தான். நீங்கள் நேரம் குறிக்கும் இடத்தில் இருந்தால் ‘பை 11:59 பி.எம். ஆன் ஃப்ரைடே’ என்று எழுதிவிடுங்கள். மிட்நைட் என்று உங்களுக்கு வந்தால், எந்த நள்ளிரவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.